ஊசி போட்டால் வந்துவிடும்

எங்கள் குப்பத்தில் ஒரு பெண் வீட்டுக்குத் தூரமானால் அதை அவள் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. கரைக்கு வரமாட்டாள், அவ்வளவுதான். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலுக்கு அருகில் தாழம்புதர்களை ஒட்டி இருந்த ஊர் அது. புதர் வரிசையைத் தாண்டி மணலில் இறங்கினால் கட்டுமரங்கள், வலைகள், மீன் ஏலம். தூரமான பெண் அந்த வரிசையைத் தாண்டக் கூடாது. அவள் நிழல் வலைமேல் விழுந்தால் மீன் படாது என்பார்கள். வீட்டுக்குப் பின்னால் ஓர் ஓலைச் சாய்ப்பு இருக்கும். தனித் தட்டு, தனிச் சொம்போடு அந்த நாட்களை அங்கேதான் கழிக்க வேண்டும். காலையில் கட்டுமரங்கள் கரையேறும்போது யார் வந்திருக்கிறாள், யார் வரவில்லை என்று பெண்கள் ஒரே பார்வையில் கணக்கெடுத்துவிடுவார்கள். யாருக்குத் தள்ளிப்போகிறது, யார் முழுகாமல் இருக்கிறாள் என்பதெல்லாம் புருஷனுக்குத் தெரிவதற்கு முன்பே கரைக்குத் தெரிந்துவிடும்.

இந்தக் காலத்தில் சிலர் மேடையேறி, அன்றைக்குப் பெண்களுக்கு மாதாமாதம் ஓய்வு கொடுத்தார்கள் என்று பேசுகிறார்கள். கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஓய்வாம்! ஒழுகுகிற ஓலைக்கு அடியில், நாய்க்கு வைப்பதுபோல் தட்டைத் தூரத்திலிருந்து தள்ளிவிடுவார்கள். அதில் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு அவர்கள் பேசட்டும்.

எனக்கு முதலிலிருந்தே ஒழுங்காக வந்ததில்லை. வயசுக்கு வந்ததே தாமதம். அதற்குப் பிறகும் ஒரு மாதம் வரும், ஒரு மாதம் ஏமாற்றும். எழுபதுகளின் நடுவில், ஓர் ஆடி மாதத்தோடு அடியோடு நின்றுபோனது. எனக்கு அப்போது பதினெட்டு முடிந்திருந்தது. அப்பா நான் சிறுமியாக இருக்கும்போதே இறந்துவிட்டார். அம்மா கூடையில் மீன் எடுத்துக்கொண்டு திருக்கழுக்குன்றம் வரை போய் விற்றுத்தான் என்னை வளர்த்தாள். நான் கரையில் கருவாடு காயப்போடும் வேலைக்குப் போவேன். அப்பாவின் அக்கா மகனுக்கு என்னைப் பேசி முடித்திருந்தார்கள். தை பிறந்ததும் கல்யாணம்.

நின்றுபோனது அப்போது எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. உண்மையைச் சொன்னால் சந்தோஷமாகக்கூட இருந்தது. சாய்ப்பில் உட்கார வேண்டாம், துணி கசக்க வேண்டாம், ஒரு நாள் கூலியும் போகாது. அம்மாவிடம் நான் சொல்லவில்லை. அவள் விடிவதற்குள் கிளம்பி இருட்டிய பிறகு திரும்புகிறவள், அவளுக்குக் கணக்குத் தப்பிவிட்டது. கரைக்குத் தப்பவில்லை.

ஐப்பசியில் ஒரு நாள், ஏலம் முடிந்து பெண்கள் கூடைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்து வீட்டுக்காரி, நண்டு விற்கிறவள், நாலு பேர் காதில் விழும்படி அம்மாவைக் கேட்டாள்.

"இன்னாமே, உன் பொண்ணு லீவே எடுக்காம வேலைக்கு வந்துகினு கீறா? கெவருமெண்டு ஆபீஸ்லகூட மாசத்துக்கு ரெண்டு நாளு லீவு உண்டு."

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் முதலில் சேர்ந்து சிரித்தாள். பிறகு அந்தப் பேச்சு அவளுக்கு உறைத்தது. சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுபோய், கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு யாரையும் பார்க்காமல் நடந்தாள். அன்றைக்கு அவள் திருக்கழுக்குன்றம் போகவில்லை. நேராக வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"யாருன்னு சொல்லு," என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "யாரும்மா?"

முதல் அடி கன்னத்தில் விழுந்தபோதுதான் புரிந்தது. அடித்தாள். பிறகு அழுதாள். பிறகு சோறு போட்டாள். நான் சாமிமேல் சத்தியம் செய்தேன். செத்துப்போன அப்பாமேல் சத்தியம் செய்தேன். எவனும் என்னைத் தொட்டதில்லை. அம்மா நம்பினாள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நம்பிக்கையை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? ஆம்பிளை இல்லாத வீடு. அங்கே பெண்ணின் பெயர் ஒரு தடவை கெட்டால் கெட்டதுதான். கல்யாணம் நின்றுபோகும். பிறகு அம்மாவின் கூடையில் இருக்கிற மீனைக்கூட எவளும் மூக்கைச் சுளிக்காமல் வாங்கமாட்டாள்.

மறுநாளே அத்தை வந்தாள். எனக்கு மாமியாராகப் போகிறவள், பக்கத்துத் தெருவில் வீடு. வாட்டசாட்டமான பொம்பிளை. பேச்சில் ஒளிவுமறைவு கிடையாது, அதனாலேயே ஊரில் அவளுக்கு மரியாதை.

"நான் ஒண்ணும் நம்பல," என்று அம்மாவிடம் சொன்னாள். "என் தம்பி பொண்ணு அப்படிக் கெடையாது. ஆனா ஊரு வாய் கீதே, அத இன்னா பண்றது? செங்கல்பட்டுல ஊசி போட்றாங்களாம். வயித்துல ஒண்ணும் இல்லன்னா நாலஞ்சு நாள்ல தானா வந்துடுமாம். இருந்தா வராதாம். போட்டுப் பாத்துடலாம். வந்துட்ச்சின்னா, கேட்டவ வாயில மண்ணு."

"வரலன்னா அண்ணி?" என்றாள் அம்மா.

அத்தை வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

கட்டிக்கொள்ளப் போகிறவரும் அன்று சாயங்காலம் கிணற்றடியில் எதிர்ப்பட்டார். ஏதாவது ஆறுதலாகச் சொல்வார் என்று நின்றேன். "ஊசி போட்டுக்கோ. எனக்கு ஒண்ணும் சந்தேகம் இல்ல, ஆனா போட்டுக்கோ," என்று சொல்லிவிட்டுப் போனார். சந்தேகம் இல்லாதவனுக்கு ஊசி எதற்கு என்று எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. இப்போதானால் கேட்டிருப்பேன்.

செங்கல்பட்டில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்து, அதில் ஒரு டாக்டரின் கிளினிக். அம்மா ஒரு பக்கம், அத்தை ஒரு பக்கம், நடுவில் நான். கல்யாணமாகாத பெண் என்று சொல்லக் கூச்சப்பட்டு, அத்தை தன் கழுத்திலிருந்த மஞ்சள் கயிறு ஒன்றை பஸ்ஸிலேயே என் கழுத்தில் போட்டுவிட்டிருந்தாள். டாக்டர் என்னை ஏறெடுத்துக்கூடப் பார்க்கவில்லை. எத்தனை மாதமாக என்று கேட்டார், சீட்டில் கிறுக்கினார், கம்பவுண்டரிடம் அனுப்பினார்.

"இன்னிக்கு ஒண்ணு, நாளைக்கு ஒண்ணு," என்றார் கம்பவுண்டர். "கர்ப்பம் இல்லன்னா ஊசி போட்டா வந்துடும். கவலப்படாதீங்க, ஊசி பொய் சொல்லாது."

அத்தை அந்தக் கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். பஸ்ஸில் திரும்பி வரும்போது அம்மாவிடம் அதையே மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டு வந்தாள்.

பல வருஷம் கழித்து அந்த மாதிரி ஊசிகளைப் பற்றிப் பத்திரிகைகளில் பெரிய சண்டையே நடந்தது. கர்ப்பமாக இருக்கிறவளுக்குப் போட்டால் உள்ளே இருக்கிற பிள்ளைக்கு ஆபத்து என்று எழுதினார்கள். நான் நிஜமாகவே முழுகாமல் இருந்திருந்தால் அந்தப் பிள்ளை என்ன ஆகியிருக்கும்? அந்த அறையில் இருந்த ஒருவருக்கும் அந்த நினைப்பே வரவில்லை. நான் நல்லவளா கெட்டவளா என்று தெரிந்தால் போதும் அவர்களுக்கு.

இரண்டு ஊசியும் போட்டாகிவிட்டது. காத்திருந்தோம்.

அந்த நாட்களைப்போல் என் வாழ்க்கையில் எதற்கும் நான் காத்திருந்ததில்லை. அம்மா எள்ளும் வெல்லமும் இடித்துக் கொடுத்தாள், பப்பாளிக்காய் கொடுத்தாள். அடிவயிறு லேசாகச் சுருக்கென்றால் கொல்லைக்கு ஓடுவேன். துணி வெள்ளையாகவே இருக்கும். இவ்வளவு நாள் வேண்டாம் வேண்டாம் என்று வெறுத்த ஒன்றை, வந்துவிடு வந்துவிடு என்று கெஞ்சினேன். அத்தை தினமும் காலையில் வந்து வாசலில் நின்று அம்மாவின் முகத்தைப் பார்ப்பாள். அம்மா தலையை ஆட்டுவாள். அத்தை போய்விடுவாள்.

இதற்கு நடுவில் இன்னொரு கூத்து. ஊசியின் வேகம் எனக்குக் குமட்டலாக வந்தது. மார் கனத்து வலித்தது. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, வேலி ஓரமாக நின்று வாந்தி எடுத்தேன். நிமிர்ந்து பார்த்தால் நண்டுக்காரி. அவள் மெதுவாகத் தன் வீட்டுக்குள் போய்விட்டாள். அவள் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

அன்று முதல் எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. சிரிக்காதீர்கள். ஊசி பொய் சொல்லாது என்கிறார்கள், ஊசி போட்டும் வரவில்லை. அப்படியானால் நான் சொல்வதுதான் பொய்யா? எனக்குத் தெரியாமல் எனக்கு ஏதாவது நடந்திருக்குமா? தூக்கத்தில் நடந்திருக்குமா? பிள்ளை எப்படி உண்டாகும் என்று தெரியாத பச்சைக் குழந்தை இல்லை நான். தெரிந்தும் அப்படி யோசித்தேன். எல்லாரும் சேர்ந்து ஒன்றைச் சொன்னால் நம் உடம்பே நம்மை விட்டு அவர்கள் பக்கம் போய்விடுகிறது.

நாலஞ்சு நாளும் தாண்டிவிட்டது. ஒரு விடியலில் அம்மா என்னை எழுப்பினாள். அவள் கையில் ஒரு அலுமினிய ஏனம். அன்று கரையில் பெரிய சுறா அறுத்திருந்தார்கள்.

"சாய்ப்புல போய்க் குந்து," என்றாள்.

ஏனத்தில் இருந்ததைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. "யம்மா, வேணாம்மா. அத்தைக்குத் தெரிஞ்சா?"

"தெரியாது. போய்க் குந்துடி."

"வாட அடிக்கும்மா."

"இந்த ஊர்ல எந்தத் துணியில மீன் வாட இல்ல?" என்றாள் அம்மா. அது வாஸ்தவம்தான். வேறு ஊராக இருந்தால் அந்தக் காரியம் அரை நாள்கூடத் தாங்கியிருக்காது. எங்கள் ஊரில் ஒருத்தருக்கும் மூக்கில் ஏறவில்லை.

அத்தை வழக்கம்போல் வந்தாள். அம்மா பேசாமல் அவளைப் பின்பக்கம் கூட்டிப்போய், தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்த துணியைக் காட்டினாள். அத்தை குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

"என் வயித்துல பால வார்த்தடி பொண்ணே," என்றாள். தொடக்கூடாது என்பதால் தள்ளி நின்றே எனக்குத் திருஷ்டி கழித்தாள். பிறகு தெரு முழுக்க அவள் குரல் கேட்டது. மத்தியானம் உளுந்தங்களி கிண்டி, நல்லெண்ணெய் ஊற்றி, வாழையிலையில் வைத்துத் தள்ளினாள். அதை நான் தின்றேன். அத்தை கெட்டவள் இல்லை, அதுதான் எனக்கு இன்றுவரை வயிற்றெரிச்சல். கெட்டவளாக இருந்திருந்தால் ஏமாற்றியதில் கொஞ்சம் நிம்மதியாவது கிடைத்திருக்கும்.

தையில் கல்யாணம் நடந்தது. நண்டுக்காரி பந்தியில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டாள்.

ஊர் வாய் மூடிவிட்டது. ஆனால் எனக்கு எதுவும் வந்துவிடவில்லையே. புருஷன் வீட்டிலும் மாதாமாதம் "தூரம்" என்று சொல்லிவிட்டு நானாகவே சாய்ப்பில் போய் உட்கார்ந்தேன். ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. சந்தேகம் இருந்தால்தான் துணியைப் பார்ப்பார்கள். மழையில் நனைந்துகொண்டு, வராத ஒன்றுக்காகத் தீட்டுக் காத்தேன். நான் ஒதுங்கியிருந்த நாட்களில் அவருக்கு நல்ல மீன் பட்டால், "என் மருமவ மொறை தவறமாட்டா, அதான்" என்று அத்தை பெருமைப்பட்டுக்கொள்வாள். சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியாது.

வருஷம் ஒன்று போயிற்று. இன்னொன்றும் பாதி போயிற்று. பிள்ளை இல்லை. அத்தை என்னை மறுபடியும் செங்கல்பட்டுக்குக் கூட்டிப்போனாள், அதே சந்துக்கு. டாக்டர் கேட்ட கேள்விக்கெல்லாம் அவளே பதில் சொன்னாள்.

"மாசாமாசம் டாண்ணு வருதுங்க. கல்யாணத்துக்கு முன்னாடி ஒருவாட்டி நின்னுட்ச்சி, நீங்கதான் ஊசி போட்டீங்க. நாலஞ்சு நாள்ல வந்துட்ச்சி. நான் என் கண்ணால பாத்தேன்."

"அப்ப கர்ப்பப்பை நல்லாத்தான் இருக்கு," என்றார் டாக்டர். ஹார்மோன் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அட்டை முடிந்த சில நாட்களில் வரும், மறுபடி அடுத்த அட்டை, இப்படியே போனால் உண்டாகும் என்றார். நான் தினமும் விழுங்கினேன். முகம் ஊதியது, காலையில் தலை சுற்றியது, மீன் குழம்பு கொதிக்கிற வாசனைக்கே குமட்டி வாந்தியெடுக்க ஓடுவேன். ஒவ்வொரு தடவை ஓடும்போதும் அத்தையின் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அது மாத்திரையின் வேலை என்று பிறகு தெரிந்து அணைந்துபோகும். அட்டை முடியும். ஒன்றும் வராது. நான் போய்ச் சாய்ப்பில் உட்காருவேன்.

சாயங்காலமானால் உடம்பு லேசாகச் சுடும். அடிவயிற்றில் ஒரு மந்தமான வலி, கயிறு கட்டி இழுப்பதுபோல் இருக்கும். அதெல்லாம் மாத்திரையால் என்று நினைத்தேன். டாக்டரிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். எப்படிச் சொல்வது? அன்றைக்குக் காட்டியது என் ரத்தமில்லை என்று சொன்னால், அன்றைக்கு நான் கர்ப்பமாக இருந்தேன் என்று அர்த்தம். ஊசி பொய் சொல்லாது அல்லவா? அம்மா பித்தலாட்டக்காரி, நான் கெட்டவள், அவர் ஏமாந்தவர். ஒரு வார்த்தையில் மூன்று பேர் மானம் போகும். அதற்கு மாத்திரையே மேல் என்று இருந்துவிட்டேன்.

கடைசியில் அந்த டாக்டரே கைவிரித்துவிட்டார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பெண் டாக்டரைப் பாருங்கள் என்று சீட்டு எழுதினார். நான், அத்தை, அம்மா மூவரும் போனோம். வரிசையில் காத்திருந்து உள்ளே போகும்போது மத்தியானமாகிவிட்டது. டாக்டரம்மாவுக்கு நடுவயது. வேலை நெருக்கடியில் வேகமாகப் பேசினார். என்னைப் படுக்கவைத்துப் பரிசோதித்தார். அடிவயிற்றை அழுத்தியபோது நான் கத்தியதில் அவர் முகம் மாறியது. திரைக்கு வெளியே வந்து உட்கார்ந்து, பழைய சீட்டுகளைப் புரட்டினார்.

"முதல்ல ஊசி போட்டாங்களே, அப்ப தீட்டு வந்துச்சா?"

"வந்துச்சிம்மா," என்றாள் அத்தை. "நான் என் கண்ணால பாத்தேன்."

"நான் அந்தப் பொண்ணைக் கேக்கறேன்."

அதுவரை எந்த டாக்டரும் என்னைக் கேட்டதில்லை. அதனால்தானோ என்னவோ, யோசிப்பதற்குள் வாய் திறந்துவிட்டது. "வரலீங்க."

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இன்னா சொல்ற? பயத்துல ஒளர்றாம்மா இவ. நான் பாத்தேனே, துணிய."

"மாத்திரைக்கு?" என்றார் டாக்டரம்மா.

"ஒரு வாட்டிகூட வரலீங்க. கல்யாணத்துக்கு முன்னாடி நின்னதுதான்."

பிறகு அம்மா பேசினாள். தரையைப் பார்த்துக்கொண்டு, ஏலத்தில் விலை சொல்வதுபோல் ஒரே குரலில் சொன்னாள்.

"அது சொறா ரத்தம் அண்ணி."

அத்தைக்கு அது உள்ளே இறங்க நேரம் பிடித்தது. நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் ஏமாற்றினாய் என்று கேட்பாள், இல்லை என்னை அறைவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு.

"அப்ப அன்னிக்கு இவ வயித்துல இன்னா இருந்திச்சி?"

"வாயை மூடுங்கம்மா," என்றார் டாக்டரம்மா. கோபத்தில் பேனாவை மேஜைமேல் போட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, சாயங்காலம் காய்ச்சல் வருமா என்று கேட்டார். வரும் என்றேன். வீட்டில் யாருக்காவது டி.பி. இருந்ததா என்று கேட்டார்.

"இல்லீங்க," என்றார்கள் அம்மாவும் அத்தையும் ஒரே நேரத்தில்.

அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஒருத்தியை ஒருத்தி கடித்துத் தின்னப் போகிற சமயத்திலும் இதில் மட்டும் கட்சி சேர்ந்துகொண்டார்கள். அப்பா இறந்தது வயிற்று வலியால் என்று ஊருக்குச் சொல்லியிருந்தோம். நெஞ்சுச் சீக்கு என்று தெரிந்தால் என்னை யாரும் கட்டமாட்டார்கள் என்பதற்காக இரண்டு பேரும் சேர்ந்து கட்டிய கதை அது.

"எங்கப்பாவுக்கு இருந்திச்சிங்க," என்றேன். "இருமி இருமி ரத்தமா துப்பிதான் செத்தாரு. நான்தான் கூட படுத்துகினு கெடப்பேன்."

மயக்க மருந்து கொடுத்துக் கர்ப்பப்பையிலிருந்து கொஞ்சம் சுரண்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பதில் வர வாரக்கணக்கில் ஆகும் என்றார்கள். அத்தை அன்று பஸ்ஸில் எங்களோடு உட்காரவில்லை. முன்னால் போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டாள்.

அந்த வாரங்களில் நான் அம்மா வீட்டில் இருந்தேன். போ என்று யாரும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. அவர் ஒரு தடவை வந்தார். வாசலிலேயே நின்றார்.

"அன்னிக்கு இன்னா நடந்திச்சின்னு எங்கிட்டயாவது சொல்லு," என்றார். "நான் ஒண்ணும் பண்ணமாட்டேன்."

"ஒண்ணும் நடக்கல."

"அப்ப இன்னாத்துக்குச் சொறா ரத்தம்?"

இதற்கு நான் என்ன பதில் சொல்வது? குற்றம் செய்யாதவள் எதற்குப் பொய் சொல்ல வேண்டும் என்று கேட்கிறவனுக்கு எங்கள் கரையைப் பற்றி என்ன தெரியும்? அவருக்குக் கடல்தான் தெரியும். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். அன்று ராத்திரி அம்மா எனக்குக் கஞ்சி ஊற்றும்போது, "நான் பண்ணது தப்பாடி?" என்று கேட்டாள். எனக்கு இருந்த கோபத்தில் பதில் சொல்லவில்லை. இல்லையென்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

எனக்குப் பிள்ளை வேண்டும் என்ற ஆசைகூட அந்த நாட்களில் எங்கோ போய்விட்டது. டாக்டரம்மாவின் காகிதத்தில் ஏதாவது ஒரு நோய் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். எந்த நோயாக இருந்தாலும் சரி. நோய் இருந்தால் நான் கெட்டவள் இல்லை. நோய் இல்லையென்றால் நான் தொலைந்தேன். மாரியம்மனுக்கு இப்படி ஒரு வேண்டுதலை வேறு யாரும் வைத்திருக்கமாட்டார்கள்.

பதில் வந்திருக்கும் என்று சொன்ன நாளில் மறுபடி போனோம். அத்தையும் வந்தாள். என்னோடு பேசவில்லை, ஆனால் வந்தாள். அவள் காதால் கேட்க வேண்டும் என்று டாக்டரம்மாவே சொல்லி அனுப்பியிருந்தார்.

டாக்டரம்மா அன்று அவசரப்படவில்லை. மூன்று பேரையும் உட்காரச் சொன்னார். அத்தையைப் பார்த்துத்தான் பேச ஆரம்பித்தார்.

"நல்லாக் கேட்டுக்குங்கம்மா. இந்தப் பொண்ணுக்குக் கர்ப்பப்பையில டி.பி. இப்ப வந்தது இல்ல, கல்யாணத்துக்கு முன்னாடியிலிருந்தே இருக்கு. உள்சுவரு பூரா அரிச்சுப்போயிருக்கு. அதனாலதான் தீட்டு நின்னுது. ஊசி போட்டும், மாத்திரை போட்டும் வரல. ஊசி போட்டு வரலன்னா கர்ப்பம்தான்னு எவன் சொன்னான் உங்களுக்கு? நோய்க்கு மருந்து இருக்கு, மாசக்கணக்கா ஊசி போட்டுக்கணும், உயிருக்குப் பயமில்ல. ஆனா இந்தக் கர்ப்பப்பையில அன்னிக்கும் குழந்தை இல்ல. இனிமேலும் தங்காது."

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா என்னைப் பார்த்தாள், உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இருவரும் அழுதார்கள். நான் அழவில்லை. எத்தனையோ மாதங்களாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது சட்டென்று இறங்கி ஓடியது. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷம் அதற்கு முன் எனக்கு வந்ததில்லை. அதை அப்படியே சொல்லிவிடுகிறேன், மறைக்க மாட்டேன். நாற்காலியை விட்டு எழுந்து அத்தைக்கு எதிரே போய் நின்றேன்.

"கேட்டுக்கினியா அத்த? அன்னிக்கு இல்லியாம். நல்லாக் கேட்டுக்கினியா?"

அத்தை அழுதுகொண்டே என் கையைப் பிடித்தாள். எனக்கு அது போதவில்லை. டாக்டரம்மாவிடம் திரும்பினேன்.

"இன்னொரு வாட்டி சொல்லுங்கம்மா. எங்க அத்தைக்குக் காதுல வுழுந்திருக்காது."

டாக்டரம்மா அத்தையைப் பார்க்காமல், என்னைப் பார்த்து, அதையே மறுபடி நிதானமாகச் சொன்னார். இரண்டாவது முறை சொன்னபோதுதான், இனிமேலும் தங்காது என்ற அந்தக் கடைசி வாக்கியம் என் காதில் விழுந்தது.